மீன்தொட்டியின் இடமாற்றம்

அரசாங்க உத்தியோகத்தர் ஒருவருக்கு இடமாற்றக் கட்டளை கிடைத்துவிட்டால், அவர் வீட்டிலுள்ள கட்டிலும் அலுமாரியும் மேசையும் ஒன்றன்பின் ஒன்றாக லொறியில் ஏறும். புத்தகங்கள் பெட்டிகளில் அடங்கும். பாத்திரங்கள் பழைய பத்திரிகைத் தாள்களாற் சுற்றப்பெற்றுக் கூடைகளிற் புகும். ஆனால், மண்டபத்து மூலையில் நான்கடி நீளத்துக்கு நிற்கும் கண்ணாடி மீன்தொட்டியின் முன்னே வந்ததும் எல்லோரும் தயங்கி நிற்பர். மற்றைய தளபாடங்களைப் போல அதனைத் தூக்கிவிட இயலாது. விட்டுச் செல்லவும் பிள்ளைகளின் மனம் ஒப்பாது. "பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு நாலு பேர் சேர்ந்து தூக்கினால் முடிந்தது" என்று யாரேனும் ஒருவர் துணிந்து கூறுவார். அவ்வாறு தூக்கித் தொட்டியின் அடிக்கண்ணாடி பிளந்ததும் உண்டு. தூக்கியவர் முதுகெலும்பு நொந்து கிடந்ததும் உண்டு. தொட்டி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தும், ஒரு கிழமைக்குள் மீன்கள் ஒவ்வொன்றாக மிதந்ததும் உண்டு.

இத்தீங்குகள் யாவற்றுக்கும் மூலகாரணம் ஒன்றே. மீன்தொட்டியை ஒரு தனிப்பொருளாக எண்ணிவிடுகின்றோம். உண்மையில் அதனுள்ளே நான்கு பொருள்கள் கூடியிருக்கின்றன: கண்ணாடி ஒன்று, நீர் ஒன்று, மீனும் செடியும் ஒன்று, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்க் கூட்டம் ஒன்று. இந்நான்கினையும் பிரித்து, அதனதற்கு ஏற்ற வழியிற் கொண்டுசென்று, புதிய வீட்டில் மீண்டும் ஒன்றுசேர்ப்பதே முறையான இடமாற்றம் ஆகும்.

முதலிற் பாரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டியின் கொள்ளளவு 9 கன அடி. ஒரு கன அடி நீர் ஏறக்குறைய 28 லீற்றர். ஆகவே, நிறைந்த தொட்டியில் 255 லீற்றர் வரையான நீர் இருக்கும். அதன் நிறை 255 கிலோகிராம். ஒரு சென்றிமீற்றர் தடிப்புள்ள கண்ணாடியாற் செய்யப்பட்டதாயின், வெறுந் தொட்டியே 50 கிலோகிராமுக்குக் குறையாது. அடியில் இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்பிய பரற்கல் இன்னும் 40 கிலோகிராமுக்கு மேல் வரும். எல்லாம் சேர ஏறக்குறைய 350 கிலோகிராம். அதாவது, ஏழு அரிசி மூடைகளின் பாரம்.

பாதி நீரை இறைத்துவிட்டாலும் எஞ்சி நிற்பது 220 கிலோகிராம். நால்வர் தூக்கினால் ஒருவர் கையில் 55 கிலோகிராம் விழும். இது அரிசி மூடையைப் போல அசையாதிருக்கும் பாரமுமன்று. ஒருவர் ஓர் அடி முன்வைத்ததும் உள்ளிருக்கும் நீர் ஒரு பக்கமாக ஓடும். மறுகணம் திரும்பிவந்து எதிர்ப்பக்கத்தை மோதும். நால்வரின் பாரமும் ஒருவர் மீதே சாயும் நேரம் அதுதான். அன்றியும், சமதளமான தாங்கியின் மீது நிற்கும்போது பாரத்தைத் தாங்குமாறு செய்யப்பட்ட கண்ணாடி, மூலைகளிற் பிடித்துத் தூக்கப்படும்போது மெல்ல வளையும். கண்ணாடி வளைவதற்குப் பிறந்த பொருளன்று. அதன் மூலைகளை ஒட்டியிருக்கும் சிலிக்கோன் பசை கண்ணுக்குத் தெரியாதவாறு விடுபடக்கூடும். அன்று ஒழுகாத தொட்டி பத்து நாள் கழித்து நள்ளிரவில் ஒழுகத் தொடங்கும். அடியில் இரண்டு அங்குல நீர் மாத்திரம் இருந்தாலும் அது 28 கிலோகிராம் ஆகும் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். ஆதலின், தொட்டி பெரிதாயின் நீரும் கல்லும் முற்றாக நீங்கிய பின்னரே அதிற் கைவைத்தல் தகும்.

கண்ணாடியைக் காப்பது இவ்வளவில் அமையும். மீனைக் காப்பதற்கோ, கண்ணுக்குப் புலப்படாத அந்த நான்காவது பொருளை அறிந்திருத்தல் வேண்டும். இலண்டனில் வாழ்ந்த இரசாயன அறிஞர் றொபேட் வாரிங்டன் என்பார், மீனும் நீர்ச்செடியும் நத்தையும் ஒரு கண்ணாடிக் கலத்தினுள் ஒன்றையொன்று வாழவைக்கும் முறையினை 1850ஆம் ஆண்டில் விளக்கிக் காட்டினார். இன்றைய மீன்தொட்டிகளுக்கு அடிகோலிய ஆய்வுகளுள் அதுவும் ஒன்று. அவருடைய மைந்தரும் அதே பெயரினர். இங்கிலாந்தின் றொதாம்ஸ்ரெட் என்னும் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் மண்ணை ஆராய்ந்தவர். அமோனியா முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாறுவது நுண்ணுயிர்களின் தொழிலே என்பதையும், அத்தொழிலை இருவகை உயிர்கள் பகிர்ந்து செய்கின்றன என்பதையும் அவருடைய ஆய்வுகள் புலப்படுத்தின. அவ்வுயிர்களை 1890ஆம் ஆண்டளவில் வேறாக்கிக் காட்டியவர் வினோகிராட்ஸ்கி என்னும் இரசிய அறிஞர். தந்தை அமைத்த தொட்டியினுள்ளே நிகழ்ந்துகொண்டிருந்த மறைபொருளை மகன் வயல் மண்ணிலே கண்டார் எனலாம்.

அத்தொழில் மீன்தொட்டியில் எவ்வாறு நடைபெறுகின்றது? மீனின் செவுள்களிலிருந்தும், கழிவிலிருந்தும், உண்ணாது எஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா ஓயாது நீரிற் கலக்கின்றது. அது மீனுக்கு நஞ்சு. ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் நஞ்சே. இன்னொரு வகை அதனை நைத்திரேற்றாக மாற்றும். இது பெருமளவிற் சேர்ந்தாலன்றித் தீங்கு செய்யாது. இந்த நற்பணி செய்யும் பற்றீரியாக்கள் நீரில் மிதந்து திரிவன சிலவே. பெரும்பாலானவை வடிகட்டியின் பஞ்சிலும், பரற்கல்லின் மேற்பரப்பிலும் ஒட்டி வாழ்கின்றன. புதிய தொட்டியொன்றில் அவை போதிய அளவு பெருகுவதற்கு நான்கு தொடக்கம் ஆறு கிழமைகள் செல்லும். இடம் மாற்றும் வேளையில் வடிகட்டியையும் கல்லையும் குழாய் நீரிற் பளிச்சென்று கழுவி வெயிலில் உலர்த்துவோர், தாம் துப்புரவு செய்வதாக எண்ணி, பல மாதங்களாக உழைத்த அத்தொழிலாளர் அனைவரையும் கொன்றுவிடுகின்றனர். அதன்பின் மீன்கள் தம் கழிவிலேயே மூச்சுத் திணறுகின்றன.

இனி, ஆயத்தங்களைக் கவனிப்போம். பயணத்துக்கு ஒரு கிழமை முன்னரே புதிய வீட்டில் தொட்டி நிற்கும் இடத்தைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். நேர்வெயில் படாத, மின்னிணைப்புக்கு அண்மையான, தரை உறுதியான இடமே ஏற்றது. மாடிவீடாயின் அறையின் நடுவை விடுத்து, கீழிருந்து எழும் பிரதான சுவரை ஒட்டி வைத்தல் நன்று. பழைய மரத்தளமாயின் கட்டட வேலை அறிந்தவரிடம் கேட்டபின்னரே வைத்தல் வேண்டும். தொட்டியின் தாங்கியும் முன்னதாகவே அங்கு போய், ஆட்டமின்றி மட்டமாக அமர்ந்திருத்தல் நலம்.

அடுத்தது புதிய ஊரின் நீர். நீருக்கு நீர் வேற்றுமை உண்டு என்பதை இந்நாட்டிலே எளிதிற் காணலாம். யாழ்ப்பாணக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கற்பாறையில் ஊறி வருவது. கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவை உண்டாக்கும் வன்னீர் அது. கொழும்பு மாநகரக் குழாய்களில் வருவதோ களனி கங்கையிலிருந்து பெறப்பட்டுச் சுத்திகரிக்கப்பட்ட மென்னீர். முன்னதில் குளோரீன் இல்லை, பின்னதில் உண்டு. மனிதருக்கு நோய்க்கிருமியைக் கொன்று உதவும் அக்குளோரீன், மீனின் செவுளையும் நற்பற்றீரியாவையும் ஒருங்கே தாக்கும். குழாய் நீரை அகன்ற பாத்திரங்களில் ஒருநாள் முழுவதும் திறந்து வைத்தால் குளோரீன் பெரும்பாலும் அகன்றுவிடும். குளோரமீன் கலக்கப்படும் ஊர்களில் அது போதாது. மீன் விற்கும் கடைகளிற் கிடைக்கும் நீர் பதனிடும் மருந்தை அளவறிந்து இடுதல் வேண்டும்.

மீன்களும் நீரின் தன்மையில் ஒரேவிதமான விருப்புடையனவல்ல. கப்பியும் மொலியும் வன்னீரில் நன்கு வாழும். தெரணியகல என்னும் விலங்கியல் அறிஞர் 1929ஆம் ஆண்டில் விவரித்த செரி பார்ப் என்னும் செம்மீனோ, இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்து ஓடைகளுக்கே உரியது. நிழல் படர்ந்த மென்னீரே அதன் பிறப்பிடம். எவ்வகை மீனாயினும் ஒரு நீரிலிருந்து மற்றொரு நீருக்குத் திடீரெனப் பாய்ச்சப்படுவதைத் தாங்காது. இதற்கு எளிய பரிகாரம், பழைய நீரிற் பாதியைக் கூடவே கொண்டுசெல்லுதலாகும். மூடியுள்ள 25 லீற்றர்க் கலன்கள் ஐந்து இருந்தால் மேற்கூறிய தொட்டியின் பாதி நீர் அடங்கிவிடும். சவர்க்காரமோ எண்ணெயோ ஒருபோதும் படாத கலன்களாக அவை இருத்தல் வேண்டும்.

புறப்படுவதற்கு ஒருநாள் முன்னரே, பெரிய மீன்களாயின் இருநாள் முன்னரே, உணவை நிறுத்திவிடல் வேண்டும். இது கொடுமையாகத் தோன்றலாம். ஆயினும் நல்ல உடல்நிலையுள்ள வளர்ந்த மீன் இரண்டொரு நாள் உணவின்றி இருப்பதால் வாடாது. வயிறு வெறுமையாயின் பயணத்திற் கழிவு குறையும். கழிவு குறைந்தால் நஞ்சு குறையும். அலங்கார மீன்களை வெளிநாடுகளுக்கு அனுப்புவோரும் இம்முறையையே கைக்கொள்கின்றனர்.

பயண நாளில் முதல் வேலை மின்னிணைப்பைத் துண்டித்தல். நுவரெலியா போன்ற குளிர்ந்த ஊர்களில் நீரைச் சூடாக்கும் கருவி தொட்டியினுள் இருக்கும். அது ஆறுவதற்கு அரைமணி நேரம் விட்ட பின்னரே நீரைக் குறைத்தல் வேண்டும். சூடாக இருக்கும்போது காற்றுப் பட்டால் அதன் கண்ணாடி வெடிக்கும். பின்னர், இறப்பர்க் குழாயொன்றினை நீரால் நிரப்பி, அதன் ஒரு முனையைத் தொட்டியினுள்ளும் மறுமுனையைத் தாழ்வான இடத்திலுள்ள கலத்தினுள்ளும் விட்டால் நீர் தானாகவே இறங்கும். அடிச்சேறு கலங்குமுன், மேலே தெளிந்து நிற்கும் நீரையே கலன்களிற் சேர்த்தல் வேண்டும். செடிகளை எடுத்து ஈரத்தாளிற் சுற்றி வைக்கலாம். பாறையும் மரக்கட்டையும் மீனின்மேல் விழாதவாறு ஒவ்வொன்றாக வெளியே வரட்டும்.

நீர் அரைவாசிக்குக் கீழே குறைந்தபின் மீன் பிடித்தல் எளிது. நிறைந்த தொட்டியில் வலையோடு துரத்தினால் மீனும் களைக்கும், மனிதரும் களைப்பர். குறுகிய பயணமாயின், பழைய நீர் கொண்ட மூடியுள்ள வாளி போதும். மூடியில் துளைகள் இருத்தல் வேண்டும். பல மணிநேரப் பயணமாயின் பொலித்தீன் பைகளே சிறந்தவை. பையில் மூன்றில் ஒரு பங்கு நீரும் இரண்டு பங்கு காற்றும் இருத்தல் முறை. மீன் மூச்சுக்கு வேண்டிய ஒட்சிசன் அக்காற்றிலிருந்தே நீரிற் கரைகின்றது. நீரைக் கூட்டிக் காற்றைக் குறைப்பது மீனுக்கு உதவியாகாது. மீன் கடைகளில் ஒட்சிசன் அடைத்துத் தருவராயின் மிகவும் நன்று. முள்ளுள்ள மீன்களைப் பையில் இடாது உறுதியான கலத்தில் இடுதல் வேண்டும். சண்டையிடும் மீன்களைத் தனித்தனியே பிரித்துவைத்தல் அவசியம்.

வெப்பம் மீனுக்கு இருமடங்கு பகை. 20 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் நீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ளும். 30 பாகையில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறையும். அதேவேளை வெப்பம் கூடக்கூட மீனின் மூச்சுத் தேவை கூடும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குத் தரைவழி 400 கிலோமீற்றர் வரை உண்டு. அத்தகைய பயணத்தை மாலையிலோ இரவிலோ தொடங்குதல் அறிவுடைமை. பைகளை ரெஜிபோம் பெட்டியில் அடுக்கி மூடினால் வெப்பமும் தாக்காது. இருளில் மீனும் அமைதியாக இருக்கும்.

இனி அந்த நுண்ணுயிர்கள். வடிகட்டியின் பஞ்சைப் பழைய நீர் கொண்ட வாளியில், காற்றுப் புகும்படி வைத்துக் கொண்டுசெல்ல வேண்டும். அவற்றுக்கும் ஒட்சிசன் தேவை. இறுக மூடிய வடிகட்டியினுள் பல மணிநேரம் அடைத்துவைத்தால் அவை மடிந்து அழுகும்; போய்ச் சேர்ந்ததும் அவ்வடிகட்டியை அப்படியே இயக்கினால் அழுகல் நீர் முழுதும் தொட்டியினுள் பாயும். பரற்கல்லை மீன்கள் வெளியேறிய பின்னரே அள்ளுதல் வேண்டும். நெடுநாள் கிளறப்படாத கல்லினடியில் கூழ்முட்டை நாற்றமுள்ள ஐதரசன் சல்பைட்டு வாயு அடைபட்டிருக்கக்கூடும். அது மீனுக்கு நஞ்சு. கல்லைப் பழைய நீரிலேயே இரண்டொரு முறை அலசி, ஈரம் உலராது சிறு வாளிகளிற் கொண்டுசெல்லலாம்.

இறுதியாக, வெறுந் தொட்டி. கைகள் ஈரமின்றி இருத்தல் வேண்டும். இறப்பர்க் கையுறையும் மூடிய சப்பாத்தும் அணிதல் நல்லது. செல்லும் வழியிலுள்ள பாய், கதிரை முதலியவற்றை முன்னரே அகற்றிக் கதவுகளைத் திறந்து வைக்க வேண்டும். கதவின் அகலத்தை அளந்து பார்ப்பதும் தவறக்கூடாது. நால்வர் முழங்காலை மடித்து, முதுகை நிமிர்த்தி, தொட்டியின் அடிப்பாகத்தைப் பிடித்து, ஒருவர் சொல்லுக்கு ஒருமித்து எழ வேண்டும். மேல்விளிம்பையோ, குறுக்கே ஒட்டப்பட்டுள்ள கண்ணாடிச் சட்டத்தையோ பிடித்துத் தூக்கலாகாது. லொறியின் தளத்தில் பழைய மெத்தையை விரித்து, தொட்டியை அதன் இயல்பான நிலையிலேயே அமர்த்தி, அசையாதவாறு கட்டுதல் வேண்டும். வெறுமையாக இருக்கின்றதே என்று அதனுள் பாத்திரங்களையும் புத்தகங்களையும் அடைப்பது பலரும் செய்யும் தவறு. லொறியிற் கடைசியாக ஏறி, முதலில் இறங்க வேண்டிய பொருள் தொட்டியேயாகும்.

புதிய வீட்டில் மற்றெல்லா வேலைக்கும் முன் தொட்டியை நிறுவுதல் வேண்டும். சட்டமில்லாத கண்ணாடித் தொட்டியாயின் தாங்கியின்மேல் மெல்லிய ரெஜிபோம் தகட்டினை விரித்து அதன்மேல் வைத்தால், சிறு மேடுபள்ளங்கள் கண்ணாடியைத் தாக்கா. ஓர் அங்குல நீர் விட்டு நான்கு மூலைகளிலும் நீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்தால், தொட்டி மட்டமாக இருக்கின்றதா என்பது விளங்கும். சாய்வு இருப்பின் அந்நீரையும் இறைத்துவிட்டே தாங்கியைச் சரிசெய்தல் வேண்டும். பின்னர்க் கல்லையும் பாறையையும் இட்டு, ஒரு தட்டின்மேல் மெல்ல ஊற்றி, பழைய நீரைச் சேர்க்கலாம். உடனே வடிகட்டியைப் பொருத்தி இயக்க வேண்டும்.

மீன் பைகளைத் திறக்காமலே தொட்டி நீரிற் கால்மணி நேரம் மிதக்கவிட்டால் இரு நீரின் வெப்பமும் ஒன்றாகும். நெடும்பயணம் வந்த பையைத் திறந்தபின் தாமதித்தலாகாது. அடைபட்ட பையில் மீன் வெளிவிட்ட காபனீரொட்சைட்டு நீரைச் சற்று அமிலமாக்கியிருக்கும். அமில நீரில் அமோனியாவின் நஞ்சு பெரும்பாலும் அடங்கியிருக்கும். பை திறந்ததும் அவ்வாயு வெளியேற, அமிலம் குறைந்து, அடங்கியிருந்த நஞ்சு தலையெடுக்கும். தொட்டியில் இருப்பது பழைய நீரேயாதலால், மீனை வலையால் எடுத்து உடனே அதனுள் விட்டுவிடலாம். பையின் நீரைத் தொட்டியில் ஊற்றாது வெளியே கொட்டிவிடல் வேண்டும். அதன்பின், குளோரீன் நீங்கிய புதிய ஊரின் நீரைச் சில மணிநேரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாகச் சேர்த்துத் தொட்டியை நிரப்புதல் வேண்டும். பாதி நீர் அவ்வாறு மாறியபின், மேலும் செய்யும் நீர்மாற்றங்களாற் சில கிழமைகளில் மீன்கள் புதிய ஊரின் நீருக்கே பழகிவிடும்.

அன்று விளக்கை ஏற்றாது விட்டால் மீன்கள் இளைப்பாறும். மறுநாள் சிறிதளவு உணவு போதும். நீர் சற்றுக் கலங்கியிருப்பது கண்டு அஞ்சவேண்டியதில்லை. வடிகட்டி அதனைத் தெளிவிக்கும். மீன்கள் மேற்பரப்பில் வாய்திறந்து திணறினாலோ, சோதனை மருந்தில் அமோனியா தென்பட்டாலோ, நாற்பங்கில் ஒரு பங்கு நீரைத் தாமதமின்றி மாற்றுதல் வேண்டும். முதல் மாதத்திற் புதிய மீன் எதனையும் சேர்த்தலாகாது.

எல்லாக் குடும்பத்துக்கும் தம் மீன்களைக் கொண்டுசெல்லும் வாய்ப்புக் கிட்டாது. நெடுந்தூரம் போவோரும், சிறிய வீட்டுக்குப் போவோரும் அவற்றை நண்பரிடமோ, பாடசாலையிடமோ, மீன் கடையிடமோ ஒப்படைக்கலாம். அருகிலுள்ள குளத்திலோ வாய்க்காலிலோ விட்டுச்செல்வது மட்டும் கூடாது. அது மீனுக்கு விடுதலை போலத் தோன்றும். ஆனால் நாட்டின் நீர்நிலைகளுக்குத் தீராத் தொல்லையாகும். தொட்டியின் பாசியை உண்பதற்காகத் தென்னமெரிக்காவிலிருந்து கொணரப்பட்ட உறிஞ்சுவாய்க் கெளிறு, இன்று இலங்கையின் ஆறுகளிலும் நீர்த்தேக்கங்களிலும் பெருகி, மீனவரின் வலைகளைக் கெடுக்கின்றது. ஒரு வீட்டார் இரக்கத்தினாற் செய்த செயலின் விளைவை ஓர் ஊரே சுமக்க நேரும்.

பதறாத காரியம் சிதறாது என்பர். நான்கடித் தொட்டியொன்றின் இடமாற்றத்துக்கு முழுதாக ஒரு நாளை ஒதுக்குவதே தகும். அந்நாளில் வேறு சுமையை ஏற்றாது, நீருக்குக் கலனும், மீனுக்குக் காற்றும், நுண்ணுயிருக்கு ஈரமும், கண்ணாடிக்குச் சமதளமும் குறைவின்றிக் கொடுத்தால், தூக்கியவரின் முதுகு நோகாது, தொட்டியும் ஒழுகாது, பிள்ளைகள் மறுநாட் காலையில் எண்ணிப் பார்க்கும்போது மீன்களும் குறையா.